பட்டி கய்: தானா கிட்டார் கத்துக்கிட்ட ப்ளூஸ்காரர் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளூஸ் பத்தி பேச்சு எடுத்தாலே நான் இவரு பேர்லதான் போய் நிப்பேன், உடனே சுத்தி இருக்கவங்க கேக்குற கேள்வியும் கிட்டத்தட்ட ஒண்ணாவேதான் இருக்கும். அதையெல்லாம் ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு இது.

யாருங்க இந்த பட்டி கய்?

அமெரிக்காவுல லூசியானா மாநிலம், லெட்ஸ்வொர்த்னு ஒரு சின்ன ஊரு. அங்க 1936 ஜூலை 30ல பொறந்தவரு. பேரு ஜார்ஜ் கய், பட்டிங்கிறது செல்லப் பேரு, அதுவே நெலைச்சு நின்னுடுச்சு. அப்பா சாம், அம்மா இசபெல், வாரத்துக்கு பயிர் வைக்கிற கறுப்பினக் குடும்பம், அதாவது நிலம் இன்னொருத்தருது, உழைப்பு இவங்களுது, விளைஞ்சதுல பங்கு நிலத்துக்காரருக்கு. சின்ன வயசுலயே பருத்தி எடுக்கப் போனவரு, நூறு பவுண்டு பருத்தி எடுத்தா ரெண்டரை டாலர் கூலி. நூறு பவுண்டுன்னா நம்ம கணக்குல 45 கிலோ, பருத்தி எவ்ளோ லேசான சாமான்னு யோசிச்சுக்கோங்க.

அங்கிருந்து சிகாகோ போயி எலக்ட்ரிக் ப்ளூஸ்ல உச்சத்துக்குப் போனவரு. ஆனா நான் இத எழுதறதுக்குக் காரணம் அந்த உச்சம் இல்ல. இவரு கையில இருந்த சத்தம் 1958லயே முழுசா இருந்துச்சு, அது அப்படியே ரெக்கார்டுல ஏறி ஊரு உலகம் கேக்க 1991 ஆயிடுச்சு. நடுவுல போன அந்த முப்பது சொச்சம் வருஷம்தான் எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம்.

ப்ளூஸ்னா என்ன? சோகப் பாட்டா?

சோகம் மட்டும் இல்ல. கேலி, காதல், குடி, கடன், ரயில், வீட்டு ஓனர், எல்லாம் இருக்கும். பாட்டோட கட்டு ரொம்ப எளிமை. ஒரு வரி பாடுவாங்க, அதே வரிய இன்னொரு தடவ பாடுவாங்க, மூணாவது வரில அதுக்கு பதில் சொல்ற மாதிரி முடிப்பாங்க. மொத்தம் 12 பார் (தாளக் கட்டம்), மூணு கார்டு (ஒண்ணா சேர்த்து அடிக்கிற சுரக் கூட்டு). ஒவ்வொரு வரி முடிஞ்சதும் கொஞ்சம் எடம் காலியா இருக்கும் பாருங்க, அங்கதான் கிட்டார் பேசும், பாடுறவரு ஒண்ணு சொல்ல கிட்டார் ஆமான்னு சொல்லும், இல்ல எதிர்த்துப் பேசும்.

அப்புறம் அந்த சுரம். பெரிய காந்தாரமும் இல்லாம சின்ன காந்தாரமும் இல்லாம ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு, ப்ளூஸ் அங்க நின்னு அழும். பியானோவுல அந்த எடத்துக்கு கட்டையே கிடையாது. கிட்டார்ல தந்திய விரலால மேல தள்ளினா கிடைக்கும். பட்டியோட மொத்த வாழ்க்கையும் அந்தத் தள்ளுறதுலதான் இருக்குன்னு நான் சொல்லுவேன்.

உண்மையிலயே யாரும் சொல்லிக் குடுக்கலையா?

இல்ல. வாத்தியார், பாடம், நோட்ஸ், எதுவும் கிடையாது. வீட்டுல கரண்ட்டே அவருக்கு பன்னெண்டு வயசு வாக்குலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பையன் என்ன பண்ணான்னா, ஜன்னல்ல கொசு வராம இருக்க கம்பி வலை அடிச்சிருப்பாங்கல்ல, அதுலேர்ந்து கம்பிய ஒண்ணொண்ணா உருவி எடுத்து, கட்டையில இழுத்துக் கட்டி, அத மீட்டிட்டு இருந்தான். ராத்திரில கொசு மொய்க்குது, வலை இருந்தும் எப்படி உள்ள வருதுன்னு அம்மாவுக்குப் புரியல. இத அவரே எத்தனையோ பேட்டில சொல்லியிருக்காரு, ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் எனக்கு அந்த லூசியானா சதுப்பு நிலத்துக் கொசுவும் அந்த அம்மாவும்தான் கண்ணு முன்னாடி வருவாங்க.

அப்புறம் ஊர்ல ஒருத்தர் வச்சிருந்த பழைய கிட்டார அப்பா காசு குடுத்து வாங்கிக் குடுத்தாரு, அதுல ரெண்டே ரெண்டு தந்திதான். அந்த ரெண்டு தந்தில அவன் முதல்ல முழுசா வாசிச்சது ஜான் லீ ஹூக்கரோட 'பூகி சில்லன்'. 1948ல வந்த ரெக்கார்டு அது, ஒத்த ஆளு, ஒத்த கிட்டாரு, காலால தரையத் தட்டுற சத்தம், கார்டு மாறவே மாறாது. ரெண்டு தந்தி கையில இருக்கிற பையனுக்கு அதவிடப் பொருத்தமான பாட்டு அமையாது. பாட்டக் கண்டுபிடிச்சதும் விட்டா மறந்துடும்னு பயந்து கைய எடுக்காம வாசிச்சுக்கிட்டே இருந்தேன்னு சொல்லுவாரு.

எலக்ட்ரிக் கிட்டார எப்ப பாத்தாரு?

லைட்னின் ஸ்லிம்னு லூசியானா ப்ளூஸ்காரர் ஒருத்தர், ஊர்க் கடை வாசல்ல ஆம்ப்ளிஃபையர வச்சு வாசிச்சாரு. பையன் கையில இருந்த சில்லறைய அவருக்கே போட்டுட்டான். அவ்ளோதான், முடிஞ்சுது கதை.

முழு கிட்டாரு எப்ப கிடைச்சுது?

படிக்கறதுக்காக பேட்டன் ரூஜ் டவுனுக்கு அக்கா வீட்டுக்கு போனப்போ. வாசல்ல உக்காந்து ரெண்டு தந்திய மீட்டிட்டு இருந்தத யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளு பாத்துட்டு, உனக்கு நல்ல கிட்டாரு ஒண்ணு இருந்தா கத்துக்குவேன்னு கடைக்குக் கூட்டிட்டுப் போயி வாங்கியே குடுத்துட்டாரு. ஹார்மனி கம்பெனியோட அக்கூஸ்டிக், அதாவது கரண்ட் வேண்டாத கிட்டாரு. அந்த கிட்டார பின்னாடி ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கே குடுத்துட்டாரு.

படிப்பு ஓடல. அம்மாவுக்கு பக்கவாதம் வந்து வீட்டுக்கு சம்பாத்தியம் தேவைப்பட்டுச்சு, லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டில கூட்டிப் பெருக்கற, எடுபிடி வேலைல சேர்ந்தாரு. பகல்ல அது, ராத்திரில உள்ளூர் பேண்டு.

மேடை பயம் இருந்துச்சுன்னு சொல்றாங்களே, நம்பவே முடியல?

நம்புங்க. ஆரம்பத்துல ஜனங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டுதான் வாசிச்சிருக்காரு, அதனாலயே முதல் பேண்டுலேர்ந்து அனுப்பிட்டாங்க. இன்னைக்கு கூட்டத்துக்குள்ள எறங்கி, தோள்ல கை போட்டு, கிட்டார ஜனங்க கையாலயே மீட்ட விடுற அந்த மனுஷன்தான் அது. நடுவுல என்ன நடந்துச்சுங்கிறது அடுத்த கேள்வில.

யார் யார்கிட்டேர்ந்து என்ன எடுத்தாரு?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க. தானா கத்துக்கிட்டவருன்னா யார்கிட்டயும் கத்துக்கலன்னு அர்த்தம் இல்ல, யாரும் உக்கார வச்சு கத்துக் குடுக்கலன்னுதான் அர்த்தம். கேட்டுக் கத்துக்கிட்டாரு, பாத்துக் கத்துக்கிட்டாரு.

கேட்டுக் கத்துக்கிட்டது ப்ளூஸ் கிட்டார்ல பெரிய பேரான பி.பி. கிங்கிட்ட. பி.பி. கிங்குக்கு சொந்தக்காரர் புக்கா வைட், கண்ணாடிக் குழாய் மாதிரி ஒண்ண விரல்ல மாட்டி தந்தி மேல வழுக்கி வாசிக்கிற ஸ்லைடு ஆளு. பி.பி.க்கு அந்த ஸ்லைடு கைக்கு வரல. அந்த அழுகைய வெறும் விரலாலயே கொண்டு வரணும்னு தந்திய அழுத்தி, மணிக்கட்ட அசைச்சு அசைச்சு ஒரு நடுக்கத்தக் கண்டுபிடிச்சாரு. நம்ம வீணைல தந்திய பக்கவாட்டுல இழுத்து கமகம் பிடிக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா அதுலேர்ந்து வந்ததில்ல, தனியா வந்தது. கிட்டாரு ஒத்த தந்தில பாடற மாதிரி இருக்கும் அது. பட்டியோட எடது கை முழுக்க அங்கேர்ந்து வந்தது.

பாத்துக் கத்துக்கிட்டது கிட்டார் ஸ்லிம்கிட்ட (முன்ன சொன்ன லைட்னின் ஸ்லிம் இல்ல, இவரு வேற ப்ளூஸ்காரர்). 'தி திங்ஸ் தட் ஐ யூஸ்ட் டு டூ' பாட்டு 1954ல பெரிய ஹிட்டு. பேட்டன் ரூஜுக்கு ப்ரோக்ராமுக்கு வந்தாரு. பேண்டு வாசிக்குது, கிட்டார் சத்தம் கேக்குது, மேடைல ஆளக் காணோம். பாத்தா ரொம்ப நீளமான வயரு ஒண்ண ஆம்ப்ளிஃபையர்ல மாட்டிக்கிட்டு, பளபளன்னு சூட்டு போட்டுக்கிட்டு, கூட்டத்துக்குப் பின்னால வாசல்லேர்ந்து வாசிச்சுக்கிட்டே வர்றாரு. அது ஸ்ட்ராட்டோகாஸ்டர்ங்கிற (சுருக்கமா ஸ்ட்ராட்) எலக்ட்ரிக் கிட்டாரு, அத உச்சத்துக்கு ஏத்தி வச்சு கிழிக்கிற சத்தம். பட்டி அன்னைக்கே முடிவு பண்ணிட்டாரு, வாசிச்சா பி.பி. கிங் மாதிரி வாசிக்கணும், மேடைல நடந்துக்கிட்டா கிட்டார் ஸ்லிம் மாதிரி நடந்துக்கணும்னு. ஸ்ட்ராட், நீள வயர், கூட்டத்துக்குள்ள நடக்கறது, எல்லாம் அங்கேர்ந்துதான். கிட்டார் ஸ்லிம் 1959ல முப்பத்திரெண்டு வயசுலயே செத்துப் போயிட்டாரு. அவர ஒரு தடவகூட பாக்காத ரெண்டு மூணு தலைமுறை அவரோட நடைய பட்டி வழியாத்தான் பாத்துச்சு.

சிகாகோவுக்கு ஏன் போனாரு?

1957 செப்டம்பர் 25. தேதிய அவரு பொறந்தநாள் மாதிரி ஞாபகம் வச்சிருக்காரு. தெற்கிலேர்ந்து லட்சக்கணக்கான கறுப்பின ஜனங்க வேலை தேடி வடக்க போயிட்டிருந்த காலம், அவங்க கூடவே ப்ளூஸும் போயிடுச்சு. மடி வாட்டர்ஸ், ஹௌலின் வுல்ஃப், லிட்டில் வால்ட்டர்னு பெரிய ப்ளூஸ்காரங்க எல்லாரும் சிகாகோ தெற்குப் பக்கத்து கிளப்ல வாரம் முழுக்க வாசிக்கிறாங்க, நுழைவுக் கட்டணம் சில்லறைதான்.

போனவருக்கு வேலை கிடைக்கல. கையில காசு தீர்ந்து, சாப்பாடு இல்லாம, ஊருக்குத் திரும்பிடலாம்னு நெனச்ச நேரத்துல யாரோ கூட்டிட்டுப் போயி 708 கிளப்ல ஏத்தி விட்டாங்க. அங்க ஓடிஸ் ரஷ் வாசிச்சிட்டு இருந்தாரு. பட்டி வாசிச்சத யாரோ மடி வாட்டர்ஸ்கிட்ட சொல்ல, அவரே கார எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. பசிக்குதான்னு கேட்டு, கார்ல உக்கார வச்சு, சலாமி வச்ச சாண்ட்விச் பண்ணிக் குடுத்தாரு. நீங்க மடி வாட்டர்ஸ்னா எனக்குப் பசியே இல்லன்னு இவரு சொன்னாராம். மடி இவர ஊருக்குத் திரும்பிப் போக விடல.

அவ்ளோ நல்லா வாசிச்சா உடனே ரெக்கார்டு வந்திருக்கணுமே?

வந்துச்சு. 1958ல ஓடிஸ் ரஷ், மேஜிக் சாம் ரெண்டு பேரோடயும் மோதுற ஒரு கிட்டார் போட்டில ஜெயிச்சாரு, கோப்ரா கம்பெனியோட ஆர்ட்டிஸ்டிக்ங்கிற லேபிள்ல ரெண்டு சிங்கிள் (ஆல்பமா இல்லாம தனியா வர்ற ரெக்கார்டு) வந்துச்சு. கோப்ரா சீக்கிரமே மூடிட்டாங்க. 1960லேர்ந்து செஸ் ரெக்கார்ட்ஸ், சிகாகோ ப்ளூஸோட தலைமையகம்னு சொல்லலாம். 'ஃபர்ஸ்ட் டைம் ஐ மெட் த ப்ளூஸ்' அங்க பண்ணது, அந்த முதல் அலறலக் கேட்டா இன்னைக்கும் மயிர்க்கூச்செறியும். அப்புறம் 'ஸ்டோன் க்ரேஸி', 1962ல பில்போர்டு பத்திரிகையோட ஆர் அண்ட் பி (கறுப்பின ஜனங்களோட பாட்டு) லிஸ்ட்ல 12வது எடம்.

பிரச்சினை இங்கதான். கிளப்ல பட்டி வாசிச்சது வேற, ஸ்டுடியோல வாசிக்க விட்டது வேற. அத கொஞ்சம் டெக்னிக்கலா சொல்லணும். அப்போ ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வால்வு வச்சது. அத ஓரளவுக்கு மேல ஏத்தினா வால்வால தாங்க முடியாது, சத்தத்தோட அலைய மேலயும் கீழயும் வெட்டிடும், அதனால சுரம் கரகரன்னு ஆகி, சட்டுனு சாகாம நீண்டு நிக்கும். இன்னும் ஏத்தினா ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து வர்ற சத்தமே தந்திய திரும்ப அதிர வைக்கும், அது திரும்ப ஆம்ப்ளிஃபையருக்குள்ள போகும், ஊஊன்னு ஒரு வட்டம் சுத்தும், அதுதான் ஃபீட்பேக். பட்டி அத தப்புன்னு நினைக்கல, அந்த ஊளைய ஒரு சுரமா பிடிச்சு நிப்பாட்டி அதோட வாசிச்சாரு. ஆனா ஸ்டுடியோல எஞ்சினியருக்கு மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போகக் கூடாது. கம்பெனி ஓனர் லெனர்ட் செஸ் இது வெறும் இரைச்சல்னு சொல்லிட்டாரு. சத்தத்தக் குறை, ஒழுங்கா வாசி. அவர ஸோல் பாட்டு பாட வச்சாங்க, டான்ஸ் பாட்டு பாட வச்சாங்க, ஜாஸ் மாதிரி வாசிக்க வச்சாங்க, நெறைய டேப்பு வெளிய வராமலே கிடந்துச்சு. 'ஸ்டோன் க்ரேஸி'யே வெட்டிச் சின்னதாக்கித்தான் சிங்கிளா வந்துச்சு, ஏழு நிமிஷ முழு டேக்கு வருஷக்கணக்கா கழிச்சுதான் வெளிய வந்துச்சு. செஸ்ல இருந்த காலத்துல ஒரே ஒரு ஆல்பம், அதுவும் 1967ல.

அதே வருஷங்கள்ல இங்கிலாந்துல பசங்க அதே இரைச்சல வச்சு உலகத்தையே பிடிச்சுட்டாங்க. பட்டி சொல்ற ஒரு சம்பவம் உண்டு: கடைசில ஒரு நாள் லெனர்ட் செஸ் இவரக் கூப்பிட்டு, அந்த புது ராக் ரெக்கார்டப் போட்டுக் காட்டி, நீ இத்தனை வருஷமா இததான எனக்குக் குடுக்கப் பாத்த, நான்தான் முட்டாளு, என்னைய உதைன்னு குனிஞ்சு நின்னாராம். லெனர்ட் செஸ் 1969ல செத்துட்டாரு. அவரு ஒத்துக்கிட்டது பெரிய மனசுதான், ஆனா அந்த ஏழெட்டு வருஷத்து ராத்திரிகள்ல கிளப் சுவத்துல மோதி கரைஞ்சு போன அந்த வாசிப்பு திரும்ப வராதே.

அப்ப செஸ்ல என்னதான் பண்ணிட்டு இருந்தாரு?

மத்தவங்களுக்கு கிட்டார். பாடகி கோக்கோ டெய்லரோட 'வாங் டாங் டூடுல்'ல இவரு வாசிச்சிருக்காரு. அதுல எனக்கு உசுரு மடி வாட்டர்ஸோட 'ஃபோக் சிங்கர்', 1964. மின்சாரமே இல்லாத அக்கூஸ்டிக் ஆல்பம், கிராமத்து பழைய பாணி தெரிஞ்ச கிட்டார் ஆளு வேணும்னு கேட்டாங்க. கம்பெனில வயசான ஆளு யாரோ வருவாங்கன்னு பாத்தா மடி இந்த இருபத்தேழு வயசுப் பையனக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சாரு. கேட்டுப் பாருங்க. மடி பாடி முடிக்கிற எடத்துல இவரு ரெண்டே சுரம் வச்சிட்டு ஒதுங்கிடுவாரு. இரைச்சல்காரன்னு சொல்லப்பட்ட மனுஷன் எவ்ளோ அடக்கமா வாசிக்கத் தெரிஞ்சவருங்கிறதுக்கு வேற சாட்சி வேணாம்.

ஜூனியர் வெல்ஸ் யாரு? 'ஃப்ரெண்ட்லி சாப்'னு ஒரு பேரு பாத்தேனே?

ஜூனியர் வெல்ஸ் மவுத் ஆர்கன் வாசிக்கிறவரு, பாடுறவரு, பட்டியோட பல வருஷத்து ஜோடி, 1998ல போயிட்டாரு. 1965ல டெல்மார்க்னு ஒரு சின்ன கம்பெனி இவர வச்சு 'ஹூடூ மேன் ப்ளூஸ்' ஆல்பம் பண்ணாங்க. கிட்டார் பட்டி. ஆனா செஸ்ஸோட காண்ட்ராக்ட் இருக்கே, பேரப் போட்டா வம்பாகுமோன்னு முதல் பிரிண்டுகள்ல 'ஃப்ரெண்ட்லி சாப்'னு போட்டாங்க. நடுவுல ஆம்ப்ளிஃபையர் மக்கர் பண்ணிடுச்சு, சும்மா இருக்க வேணாமேன்னு ஸ்டுடியோல இருந்த ஹேமண்ட் ஆர்கனோட லெஸ்லி ஸ்பீக்கர்ல கிட்டார மாட்டிட்டாங்க. அது சுத்துற ஸ்பீக்கர், அதனால கிட்டாரு தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி அலை அலையா கேக்கும். ஒரு சிகாகோ கிளப்ல ராத்திரி எப்படி இருக்கும்னு அப்படியே பிடிச்சு வச்ச முதல் ஆல்பங்கள்ல அது ஒண்ணு.

வண்டி ஓட்டினாருன்னு படிச்சேன், நிஜமா?

நிஜம். 1967 வரைக்கும் பகல்ல டோ ட்ரக் ஓட்டினாரு, ப்ரேக்டவுன் ஆன காரயெல்லாம் கட்டி இழுத்துட்டுப் போற வண்டி. அந்த வருஷம் அவருக்கு முப்பத்தோரு வயசு, அதுக்குள்ள இங்கிலாந்து ராக் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் அளவுக்கு ஆளுங்க இவர கடவுள் மாதிரி பாத்தாச்சு.

கிளாப்டன், ஹெண்ட்ரிக்ஸ் எல்லாம் இவருகிட்ட எடுத்தாங்களா?

அவங்களே சொல்லியிருக்காங்க. 1965ல பட்டி இங்கிலாந்து போனப்போ லண்டன் மார்க்கீ கிளப்புல பாஸ், ட்ரம்ஸ், கிட்டாரு, மூணே பேரு. கிளாப்டன் அத பாத்தாரு, மூணு பேரு வச்சே இவ்ளோ பெருசா ஒரு பேண்டு நடத்தலாம்னு அங்கதான் தோணுச்சுன்னு சொல்றாரு. அடுத்த வருஷம் க்ரீம்னு மூணு பேரு பேண்ட ஆரம்பிச்சாங்க. ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968ல நியூயார்க்ல பட்டி வாசிக்கிற எடத்துக்கு டேப் ரெக்கார்டரோட வந்து முன்னாடி உக்காந்து பதிவு பண்ணாரு, அந்த ஃபிலிம் இன்னைக்கும் இருக்கு. ஹெண்ட்ரிக்ஸ் பல்லால வாசிச்சது, முதுகுக்குப் பின்னால வாசிச்சது, எல்லாம் கறுப்பினக் கிளப்ல ஏற்கனவே ஓடிட்டு இருந்த வித்தைதான். அதுக்காக ஹெண்ட்ரிக்ஸ் சின்ன ஆளுன்னு நான் சொல்ல வரல. ஆத்தோட தலைப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்ல, அதுக்குத்தான்.

எழுபது எண்பதுகள்ல என்ன ஆச்சு?

1970ல ஜூனியர் வெல்ஸோட சேர்ந்து ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னாடி ஐரோப்பா முழுக்க வாசிச்சாரு. 1972ல சிகாகோ 43வது தெருவுல செக்கர்போர்டு லவுஞ்ச்னு சொந்தமா கிளப்பு. 1981ல மடி வாட்டர்ஸ் அங்க பாடும்போது ரோலிங் ஸ்டோன்ஸே வந்து மேடை ஏறினாங்க. பேரு இருக்கு, மரியாதை இருக்கு, ஆனா எழுபதுகளோட ஆரம்பத்துக்கு அப்புறம் பெரிய அமெரிக்க கம்பெனி ஒண்ணும் ரெக்கார்டு பண்ண வரல. 1979ல பிரான்ஸ்ல பண்ண 'ஸ்டோன் க்ரேஸி' ஆல்பம் (பழைய பாட்டு இல்ல, பேரு மட்டும் அதே) எனக்கு இவரோட கோவம் அப்படியே கேக்குற ஆல்பம், யாரும் கையப் பிடிக்கல, சத்தத்தக் குறைன்னு சொல்லல. அத வாங்கினது ப்ளூஸ் கிறுக்கு பிடிச்சவங்க மட்டும்தான். 1985ல செக்கர்போர்டையும் விட்டுட்டாரு, 1989ல டவுன்டவுன் பக்கம் 'பட்டி கய்ஸ் லெஜண்ட்ஸ்' திறந்தாரு. வருஷா வருஷம் ஜனவரி குளிருல அங்க அவரே வாசிக்கறது பெரிய வழக்கமாச்சு.

1991ல என்ன மாறுச்சு?

கிளாப்டன் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல நடத்தின ப்ளூஸ் ராத்திரிகளுக்கு இவரக் கூப்பிட்டாரு. அத வச்சு சில்வர்டோன் கம்பெனி காண்ட்ராக்ட் குடுத்துச்சு. 'டேம் ரைட், ஐவ் காட் த ப்ளூஸ்' வந்துச்சு, கிளாப்டன், ஜெஃப் பெக், மார்க் நாஃப்லர் எல்லாரும் கூட வாசிச்சாங்க, கிராமி கிடைச்சுது. அவருக்கு அப்ப 55 வயசு. அந்த வயசுலதான் ஒரு பெரிய கம்பெனி, நீங்க கிளப்ல எப்படி வாசிப்பீங்களோ அப்படியே வாசிங்கன்னு விட்டுச்சு.

அந்த ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 'ரிமெம்பரிங் ஸ்டீவி'. 1990 ஆகஸ்ட்ல விஸ்கான்சின்ல ஆல்பைன் வேலில கச்சேரி, கடைசில கிளாப்டன், ராபர்ட் க்ரே, ஜிம்மி வான், ஸ்டீவி ரே வான், பட்டி எல்லாரும் ஒண்ணா மேடைல. முடிச்சுட்டு ஹெலிகாப்டர்ல கிளம்பின ஸ்டீவி, பனிமூட்டத்துல ஹெலிகாப்டர் குன்னுல மோதி முப்பத்தஞ்சு வயசுல போயிட்டாரு. பட்டிய உலகம் திரும்பிப் பாக்கணும்னு வாய் ஓயாம சொல்லிட்டு இருந்த ஆளு ஸ்டீவி. பாட்டுல வார்த்தையே கிடையாது.

அந்த புள்ளி போட்ட சட்டை, புள்ளி போட்ட கிட்டாரு?

அம்மாவுக்காக. உடம்பு முடியாத அம்மாவ விட்டுட்டு சிகாகோ கிளம்பும்போது, அவங்க மனசு நோகக் கூடாதுன்னு, நெறைய சம்பாதிச்சு புள்ளி போட்ட கேடிலாக் கார்ல திரும்பி வருவேன்னு சொல்லிட்டு வந்தாரு. அம்மா 1968ல போயிட்டாங்க, பையன் பெரிய ஆளானத முழுசா பாக்கல. கறுப்புல வெள்ளைப் புள்ளி வச்ச ஸ்ட்ராட்ட அவரு தோள்ல மாட்டும்போதெல்லாம் அந்தக் கார்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அறுபது வயசுக்கு மேல வாசிப்பு வளர்ந்துச்சா, இல்ல பழசையே திரும்பப் பண்ணாரா?

வளர்ந்துச்சு, 'ஸ்வீட் டீ' ஆல்பம் கேளுங்க. 2001ல வந்தது. பட்டி வளர்ந்தது சிகாகோ பாணி, மூணு கார்டு மாறும். மிசிசிப்பி வடக்குல குன்றுப் பக்கத்து ப்ளூஸ் வேற, ஜூனியர் கிம்ப்ரோ மாதிரி ஆளுங்க ஒரே கார்டுல பத்து நிமிஷம் சாமியாடுற மாதிரி சுத்தி சுத்தி வாசிப்பாங்க. 64 வயசுல அங்கயே போயி, அந்தப் பாட்டுகள எடுத்து, அந்த ஊரு ஆளுங்களோட வாசிச்சாரு. முதல் பாட்டு அக்கூஸ்டிக், தனியா, எனக்கு வயசாயிடுச்சு முன்ன மாதிரி முடியலன்னு முனகுறாரு. ரெண்டாவது பாட்டுல அந்த ஆம்ப்ளிஃபையர் திறக்குது பாருங்க, பூமி பிளக்கற மாதிரி. ரெண்டு தந்தில கார்டு மாறாத பாட்டு வாசிச்ச பையன் அம்பது வருஷம் கழிச்சு திரும்ப கார்டு மாறாத பாட்டுக்கு வந்து நிக்கிறாரு.

ரெண்டு வருஷத்துல 'ப்ளூஸ் சிங்கர்', முழுக்க அக்கூஸ்டிக், அதுக்கும் கிராமி. 2005ல ஹால் ஆஃப் ஃபேம், 2012ல கென்னடி சென்டர் விருது, அதே வருஷம் வெள்ளை மாளிகைல ஒபாமாவையே பாட வச்சாரு. விருதுப் பட்டியல் நீளம், அத விட்டுடுவோம்.

அவரு மாதிரி வாசிக்க என்ன பயிற்சி பண்ணணும்?

நான் வீட்டுல உக்காந்து மோதிப் பாத்தத சொல்றேன். சுரம் எல்லாம் பழைய அஞ்சு சுர ஸ்கேல்தான், ஒரு வாரத்துல விரலுக்கு வந்துடும். வராதது மூணு. ஒண்ணு, தந்தித் தள்ளல்: மோதிர விரலால தள்ளும்போது பின்னால நடுவிரலும் ஆள்காட்டியும் சேர்ந்து முட்டுக் குடுக்கணும், விரல் பலம் இல்ல, மணிக்கட்டு திரும்பணும். அவரு போய்ச் சேர வேண்டிய சுரத்துக்கு மேலயே தாண்டிப் போயிட்டு இறங்குவாரு, அந்த தாண்டறதுலதான் அலறல் இருக்கு. ரெண்டு, சத்தம்: காதுல கிசுகிசுக்கிற அளவுக்கு இறக்கி, ஜனங்க மூச்ச அடக்கி முன்னால சாயும்போது பட்டுனு கன்னத்துல அறையற மாதிரி ஒரே சுரம். மூணு, நேரம்: தாளத்துக்கு மேல உக்கார மாட்டாரு, பின்னால தங்கி, திடீர்னு முட்டிக்கிட்டு ஓடி, கடைசில சரியா வந்து இறங்குவாரு. இத நோட்டுல எழுத முடியாது. கேட்டுக் கேட்டுதான் வரும், எனக்கு இன்னும் வரல, விடல.

இந்தியாவுக்கு வந்திருக்காரா?

மும்பைக்கு வந்திருக்காரு. மஹிந்திரா ப்ளூஸ் ஃபெஸ்டிவல் 2011ல முதல் தடவ நடந்தப்போவே அவருதான் பெரிய பேரு, அப்புறமும் வந்தாரு, 2023லயும் எண்பத்தாறு வயசுல வந்து வாசிச்சாரு.

எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

1991 ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க. முதல்ல 'ஃபர்ஸ்ட் டைம் ஐ மெட் த ப்ளூஸ்', ரெண்டரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். அடுத்து 'ஃபோக் சிங்கர்', ராத்திரில, ஹெட்ஃபோன்ல, மடிய விட்டுட்டு வலது எடதுல கிட்டார மட்டும் பின்தொடர்ந்து போங்க. அப்புறம் 'ஹூடூ மேன் ப்ளூஸ்'. 1968ல வேன்கார்டு கம்பெனிக்குப் பண்ண 'எ மேன் அண்ட் த ப்ளூஸ்'ல ஓடிஸ் ஸ்பான் பியானோ, ரெண்டு பேரும் பேசிக்கிறத கேக்கறதே ஒரு சுகம். அதுக்கப்புறம் 1979 பிரான்ஸ் ஆல்பம். அதெல்லாம் கேட்டுட்டு 1991க்கு வாங்க, அங்கேர்ந்து 'ஸ்வீட் டீ'.

இப்ப என்ன பண்றாரு?

2025ல 'சின்னர்ஸ்' படத்துல கடைசில வயசான ப்ளூஸ்காரரா வந்து உக்காந்து வாசிச்சாரே, அது இவருதான். அந்த வருஷம் ஜூலை 30, எண்பத்தொன்பதாவது பொறந்தநாள் அன்னைக்கு 'எயின்ட் டன் வித் த ப்ளூஸ்'னு புது ஆல்பம் விட்டாரு. கிம்ப்ரோவோட பாட்ட வச்சு முடியலன்னு முனகின அதே குரல், இருபத்துநாலு வருஷம் கழிச்சு, ப்ளூஸ இன்னும் முடிக்கலன்னு பேரு வச்சிருக்கு.